ஒண்ணும் ஊத்தலை

ஒண்ணும் ஊத்தலைன்னு சொல்லிட்டேன். அந்த டாக்டர் பிள்ளை சீட்டுல பேனாவை வச்சுக்கிட்டு, "அம்மா, வீட்டுல கண்ணுக்கு ஏதும் மருந்து ஊத்துனீங்களா?"ன்னு கேட்டா. ஒண்ணும் ஊத்தலை டாக்டர். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாச் சொல்லிட்டுது. அவ அப்படியே நம்பிட்டா, அதுதான் கொடுமை. எங்க நாய் விசிலோட தாடையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்துல இருந்த சாயத்தாளைக் கீழிமையில தொட்டு எடுத்து, உப்புத்தண்ணி விட்டு அலசி, நீல லைட்டை அடிச்சா. அவ குனிஞ்சு பாக்குததுக்கு முந்தியே நான் பார்த்துட்டேன். கருவிழியில பச்சையா ஒரு பொட்டு, மிளகு அளவு, கழுவியும் போகாம நின்னுது. சாயம் ஒட்டிக்கிட்டு நின்னா புண்ணு. எனக்கு இதை யாரும் சொல்லித் தரணுமா? கண்ணாஸ்பத்திரியில இருபத்தெட்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. ஜெபக்கனி சிஸ்டர்னா பெரிய டாக்டர்மாரே ஒரு நிமிஷம் நின்னு பேசிட்டுப் போவாங்க. அந்த ஜெபக்கனி சிஸ்டர் இப்ப மாட்டாஸ்பத்திரி பெஞ்சுல நாயை மடியில சாச்சு வச்சுக்கிட்டு, ஹேண்ட்பேகை முழங்கைக்குள்ள இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. பேகுக்குள்ள அந்த பாட்டில் இருக்கு. டாக்டர் பிள்ளை வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தா, அதுக்குள்ள பின்னால கொட்டகையில இருந்து ஆள் வந்து கூப்பிட்டான், ஆடு ஒண்ணு குட்டி போட முடியாமத் திணறுதாம். "இருங்கம்மா, வந்து எழுதித் தாரேன், கண்ணைத் தேய்க்க விடாதீங்க"ன்னுட்டு ஓடிட்டா. ஓடும்போது செருப்பு ஒண்ணு கழண்டுது, அதைக் காலாலேயே மாட்டிக்கிட்டு ஓடுதா. எத்தனை வயசிருக்கும், இருபத்தாறு இருக்குமா? என்கிட்ட டிரெயினிங் வந்த பிள்ளைக வயசுதான். இதே மாதிரி ஒரு பிள்ளை என்கிட்ட வந்து நின்னா, செருப்பை ஒழுங்காப் போடத் தெரியலை, நீ எப்படி மருந்தை ஒழுங்கா ஊத்துவேன்னு கேட்டிருப்பேன். கேட்டும் இருக்கேன். இப்ப ஆட்டுச் சத்தம் கேக்குது.

ஏ விசில், தேய்க்காதே, காலை எடு. மரத்துப்போற சொட்டு விட்டிருக்கா, அதனால இப்ப வலி தெரியாது உனக்கு. நாலு நாளா எப்படி வலிச்சிருக்கும்? கருவிழியில ஒரு தூசி கிடந்தாலே மனுசன் குதிப்பான். இவன் ஒரு சத்தம் போடலையே. கண்ணை இடுக்கிக்கிட்டு, சொட்டு விடக் கூப்பிட்டா வந்து வந்து உக்காந்தானே. எங்க வீட்டு ஆளு பேரு ஞானதிரவியம், ரிட்டயர்டு கண்டக்டர், மூணு வாரத்துக்கு முந்தி அவுகளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. எங்க ஆஸ்பத்திரியிலயேதான். வரும்போது சொட்டு மருந்து அட்டவணை ஒண்ணு குடுப்பாங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியுத மாதிரி கடிகாரப் படம் போட்டு, முதல் வாரம் ஆறு தடவை, அடுத்த வாரம் அஞ்சு, அப்படியே ஒவ்வொண்ணாக் குறையும். அதை பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சாச்சு. இவுக கண்டக்டர் புத்தி எங்க போகும்? சொட்டு விடுத நேரம் ஆனதும் பழைய விசிலை எடுத்து ஊதுவாக. சத்தம் கேட்டு நாய் ஓடி வரும், அது பஸ் டிப்போவுல கிடந்த குட்டி, விசில் சத்தத்துக்கே வளர்ந்தது, அதான் பேரும் அப்படியே ஆகிப்போச்சு. இவுக நாற்காலியில தலையைச் சாச்சு உக்காருவாக, நாய் காலடியில உக்காரும், நான் சொட்டு விடுவேன். விட்டு முடிச்சதும் டிக்கெட்டைக் கிள்ளுத மாதிரி அட்டவணை ஓரத்துல நகத்தால ஒரு கிழிசல். முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் கிழிச்ச நகம். "பேனா இருக்குல்லா, டிக் அடிச்சா என்ன?"ன்னு கேட்டா, "ஏட்டி, பேனா பொய் சொல்லும், கிழிச்சது கிழிச்சதுதான்"பாக. சிரிப்பா வரும். அந்த மூணு வாரமும் வீட்டுல என்னமோ ஒரு சந்தோஷம் இருந்துது, சொன்னா யாரும் நம்ப மாட்டாக. ரிட்டயர்டு ஆகி மூணு வருஷம், என் கைக்கு ஒரு வேலை வந்துதுல்லா.

போன வியாழக்கிழமை காலையில விசிலுக்கு இடது கண்ணு சிவந்து தண்ணி வடிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பூனைகூட முந்தின நாள் ஒரு மல்லுக்கட்டு நடந்துது, அதை நான் என் கண்ணாலதான் பார்த்தேன். பார்த்தும், கண்ணு சிவந்திருக்குன்னதும் பூனை ஞாபகம் எனக்கு வரலை. கண்ணு சிவந்தா பிரிட்ஜுல பாட்டில் இருக்கு, அவ்வளவுதான் தோணுச்சு. இவுகளுக்குப் புதுப் பாட்டில் உடைச்சாச்சு, பழசுல அடியில கொஞ்சம் மிச்சம் கிடந்துது. ஒரு பாட்டில் ரெண்டு பேர் கண்ணுக்குக் கிடையாதுன்னு வார்டுல சட்டம், அதனால பழசு நாய்க்கு, புதுசு இவுகளுக்குன்னு பிரிச்சு, பழசு மேல பிளாஸ்திரி ஒட்டி விசில்னு பேரும் எழுதுனேன். எவ்வளவு சுத்தம்! எவ்வளவு ஒழுங்கு! அந்த பாட்டிலுக்குள்ள இருக்குதது ஆன்டிபயாட்டிக் மட்டும் இல்லை, ஸ்டீராய்டும் சேர்ந்துன்னு தெரியாதா எனக்கு? ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது தெய்வம், புண்ணு இருக்குத கண்ணுக்கு அது விஷம், சிவப்பை அமத்திக் காட்டும், உள்ள புண்ணை ஆற விடாது, கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சொல்லத் தெரிஞ்சவ கைதான் ஊத்துச்சு. கடைசிப் பதினஞ்சு வருஷம் ஆபரேஷன் வார்டு. அங்க வருத அத்தனை கண்ணும் சிவந்துதான் இருக்கும், அத்தனை கண்ணையும் டாக்டர் பார்த்துட்டுதான் அனுப்பியிருப்பாங்க. பாக்குதது அவுங்க வேலை, ஊத்துதது என் வேலை. ஒரு ரவுண்டுக்கு அறுபது கண்ணு. மேல பாருங்க, ஒரு சொட்டு, கண்ணை மூடிக்கோங்க, அடுத்த கட்டில். அந்தக் கை அப்படியே வீட்டுக்கு வந்துட்டுது. புதுக் கண்ணுன்னா முதல் வாரம் ஆறு தடவை, அதனால நாய்க்கும் ஆறு தடவை. இவுக அட்டவணையில வலது ஓரம் அவுகளுக்கு, இடது ஓரம் விசிலுக்குன்னு கிழிச்சாக. ரெண்டாவது நாள் சிவப்புக் குறைஞ்சுது. பார்த்தீங்களான்னு கேட்டேன். நான் கேட்டேன், ஆமா, நான்தான். இவுகதான், "எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிருவோமாட்டி?"ன்னாக. "அப்ப நான் எதுக்கு இருக்கேன்? இருபத்தெட்டு வருஷம் அங்க என்ன பூவா பறிச்சேன்?"னு ஒரு முறை முறைச்சேன். அவுக விசிலை எடுத்து அடுத்த சொட்டுக்கு ஊதுனாக. இன்னைக்குக் காலையில விசில் கண்ணு நீலம் பாரிச்சு, மூக்கோரத்துல இருந்து வெள்ளையா ஒரு தோல் ஏறி வந்து பாதிக் கண்ணை மூடியிருந்துது. சதை வளர்ந்துட்டுதுன்னு பதறி ஆட்டோ பிடிச்சு வந்தா, அந்தப் பிள்ளை சாதாரணமா, "அது மூணாவது இமைம்மா, எல்லா நாய்க்கும் உண்டு, வலிச்சா இழுத்து மூடிக்கிடும்"னு சொல்லுதா. மூணாவது இமை. எட்டு வருஷம் வளர்த்திருக்கேன், எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகுதான் கேட்டா, வீட்டுல ஏதும் ஊத்துனீங்களான்னு.

ஒண்ணும் ஊத்தலை சிஸ்டர். இது என் வாய்ச்சொல் இல்லை, இது பூலம்மா சொன்னது. ஏன் இப்ப அந்தப் பொம்பளை ஞாபகம்? வேண்டாம். ஆடு கத்துதது நின்னுட்டுது, ஒருவேளை முடிஞ்சிருக்கும், இப்ப வந்துருவா. வந்தா என்ன சொல்ல? பூலம்மா புருசனுக்குக் கதிரறுக்கையில நெல்லுத்தாள் கண்ணுல வெட்டிட்டுது. அப்ப நான் புண்ணு வார்டுல இருந்தேன், வேலைக்குச் சேர்ந்து ஆறோ ஏழோ வருஷம், நாக்கு நல்ல கூர்மை. அந்த ஆளு வரும்போதே கருவிழி பூரா வெள்ளை. என்ன ஊத்துனீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் ஊத்தலை சிஸ்டர்னு பூலம்மா சொன்னா. தாய்ப்பால் ஊத்துனீகளா, நந்தியாவட்டை பிழிஞ்சீகளா, மெடிக்கல்ல வாங்கி ஊத்துனீகளா? ஒண்ணும் ஊத்தலை. மூணு நாள் கழிச்சு அவ கட்டிலடியில குனிஞ்சு பாத்திரம் எடுக்கையில சேலைக் கொசுவத்துல இருந்து ஒரு சின்ன பாட்டில் உருண்டு வந்து என் கால்ல முட்டி நின்னுது. எடுத்துப் பார்த்தா ஸ்டீராய்டு. மெடிக்கல் ஷாப்புக்காரன் குடுத்தது. நாப்பது கட்டில் வார்டு, நான் அன்னைக்குக் கத்துன கத்து மாடிக்குக் கேட்டுதுன்னு சொன்னாங்க. "உன் கையாலேயே உன் புருசன் கண்ணைக் கெடுத்துட்டு, இங்க வந்து சாதிக்கியா? முதல்லயே சொன்னா உன் தலையையா வாங்கிருவோம்?" அவ அழலை. என் கையில இருந்து அந்த பாட்டிலை வாங்கி, திரும்பவும் மடியில சொருகிக்கிட்டா. அதான் என்னால மறக்க முடியலை. தூக்கிப் போட்டிருக்கலாம்லா? ஏன் சொருகுனா? அந்தக் கண்ணு போயிட்டுது. எத்தனையோ கண்ணு போயிருக்கு, எத்தனையோ கண்ணு வந்திருக்கு, அந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? ஆனா முதல்லயே சொன்னா உன் தலையையா வாங்கிருவோம்னு கேட்டேனே, வாங்கத்தானே செஞ்சேன். பூலம்மா வந்த அன்னைக்கு, அவகிட்ட கேக்குததுக்குக் கொஞ்சம் முந்திதான் ஒருத்தி மஞ்சத்தண்ணி ஊத்துனதை ஒப்புக்கிட்டதுக்கு வார்டு மத்தியில நிக்க வச்சுக் கிழிச்சேன். பூலம்மா அதைப் பார்த்துக்கிட்டே அடுத்த கட்டில்ல உக்காந்திருந்தா. ஐயோ, கர்த்தாவே. இதை நான் இத்தனை வருஷமும் சேர்த்து வச்சு யோசிக்கலையே.

போன் அடிக்குது. இவுகதான். "என்னட்டி சொல்லுதாக?" இன்னும் ஒண்ணும் சொல்லலை, ஆடு பாக்கப் போயிருக்காக. "புண்ணா?" தெரியலைங்க, வந்து சொல்லுவாக. இவுகளுக்கும் பொய். "விசில் என்ன செய்யுதான்?" மடியில படுத்திருக்கான். "போனை அவன் காதுல வையி." வச்சேன். டர்ருன்னு விசிலை மெல்லமா ஒரு ஊது ஊதுனாக. இவன் காது ரெண்டும் விறைச்சுது, வால் பெஞ்சைத் தட்டுது. போனை எடுத்தா, இவுக சொல்லுதாக, "பயப்படாதட்டி. நீ உடனே மருந்து ஊத்துனதாலதான் இந்த மட்டுக்காவது நிக்குதுன்னு டாக்டர்ட்ட சொல்லு. இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?" சரிங்கன்னு வச்சுட்டேன். என் மேல இந்த ஆளுக்கு இருக்குத நம்பிக்கை இருக்கே, அதுதான் என்னையக் கொல்லுது. ஆபரேஷன் அன்னைக்குக்கூட, டாக்டர் ஊத்துனா கண்ணைச் சிமிட்டுதேன், எங்க வீட்டம்மா ஊத்தட்டும்னு அடம்பிடிச்ச ஆளு. அவுக ஒரு கண்ணு இப்பதான் தெளிஞ்சிருக்கு. முத முதல்ல கட்டை அவுத்ததும் என்னையப் பார்த்து, "ஏட்டி, உனக்கு இவ்வளவு நரையா?"ன்னாக. அடுத்தது நாயைப் பார்த்து, "இவன் வாலுல வெள்ளை முடி இருக்குதது இன்னைக்குத்தான் தெரியுது"ன்னாக. அந்தக் கண்ணால இவன் கண்ணு வெளுத்துக் கிடக்குததைப் பாக்கணுமா? காலையில ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போவாக, இவன் இடது பக்கமாத்தான் நடப்பான், ரோட்டுப் பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணு தெரியலைன்னா வண்டி வருதது எப்படித் தெரியும் இவனுக்கு?

சொல்லாமலே இருந்துட்டா என்ன? பாட்டிலை இந்தக் குப்பைத் தொட்டியில போட்டுரலாம். இனிமே ஊத்தப்போறதில்லை. சாயம் நிக்குதது அவளுக்கே தெரிஞ்சுபோச்சு, புண்ணுக்குத்தான் மருந்து எழுதப்போறா, நான் சொன்னாலும் சொல்லாட்டியும் புண்ணு புண்ணுதானே. இல்லை, ஜெபக்கனி, ஏமாத்தாத. சாதாரணப் பூனைக்கீறல்னு நினைச்சு எழுதுவா. சாதாரண மருந்து, நாலு தடவை, அஞ்சு நாள் கழிச்சு வாங்கன்னுவா. நாலு நாள் ஸ்டீராய்டு குடிச்ச புண்ணுக்கு அஞ்சு நாள் கெடு குடுக்க முடியுமா? கருவிழி கரைய ஆரம்பிச்சா கண்ணு போக ஒரு ராத்திரி போதும். இது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாதது உன் பேகுக்குள்ள இருக்கு. அப்ப சொல்லு. என்னன்னு சொல்ல? நர்ஸுன்னு சொல்லாம, தெரியாம ஊத்திட்டேன் டாக்டர், படிக்காத பொம்பளைன்னு சொல்லிரலாமா? சேலையும் கண்ணாடியும் பார்த்தா நம்புவாளா? அட சண்டாளி, இன்னொரு பொய்யையா தேடுத? பூலம்மா ஏன் அதைத் திரும்பச் சொருகுனான்னு இப்பத் தெரியுது. எங்க போட? போடுததுக்கு இடம் வேணும்லா. கை தானா பேகை அமுக்குது. விசில் தலையைத் தூக்கி என் முழங்கையை நக்குதான். நக்காதலே, எதுக்கு நக்குத, கடிக்கணும் நீ என்னைய.

வந்துட்டா. முழங்கை வரைக்கும் ஈரம், கோட்டுல ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. "ரெட்டைக் குட்டிம்மா, ரெண்டும் உயிரோட இருக்கு"ன்னு என்னமோ நான் அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரி மாதிரி என்கிட்ட சொல்லுதா. நல்லதுன்னேன். துண்டுல கையைத் துடைச்சுட்டு சீட்டை இழுத்தா. "கருவிழியில சின்னப் புண்ணும்மா, பூனை கீறியிருக்கும். பயப்பட ஒண்ணும் இல்லை, சொட்டு எழுதுதேன், நாலு வேளை ஊத்துங்க, அஞ்சு நாள் கழிச்சு…" பேனா ஓடுது. நீல மை. அஞ்சு நாள் கழிச்சுன்னு எழுதப்போகுது பேனா. டாக்டர்னேன். தலையைத் தூக்கினா. ஜிப்பைத் திறந்து பாட்டிலை எடுத்து மேசையில வச்சேன், அதுல விசில்னு என் கையெழுத்து, அழகான கையெழுத்து. அது பக்கத்துல, பிரிட்ஜ் மேல இருந்து பிச்சுக் கையோட கொண்டுவந்திருந்த அட்டவணையையும் வச்சேன். "ஊத்துனேன் டாக்டர். இதைத்தான். நாலு நாளா. முதல்ல பொய் சொல்லிட்டேன்." அவ பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படிச்சா, சிரிப்பு மெல்ல இறங்குச்சு. "எத்தனை தடவைம்மா?" இடது ஓரத்துக் கிழிசலைத் தொட்டுக் காட்டுனேன். எண்ணுனா, விரலால ஒவ்வொண்ணாத் தொட்டு. "இருபத்தி நாலு." ஆமா, இருபத்தி நாலு. "யார் ஊத்தச் சொன்னது, மெடிக்கல் ஷாப்லயா?" இங்கதான் ஒரு வழி இருந்துது. ஆமான்னு சொன்னாப் போதும், பழி அவன் தலையில போகும். "யாரும் சொல்லலை டாக்டர். நான் கண்ணாஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தெட்டு வருஷம்." சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். வருதது வரட்டும். மாடிக்குக் கேக்குத மாதிரி கத்தட்டும், நாப்பது பேர் பாக்கட்டும், நான் கேட்டுக்கிடுதேன்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா"ன்னா.

அவ்வளவுதான். எழுதுன சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுச் சீட்டு எடுத்தா. "அப்ப இது வேற மருந்து. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ஊத்தணும், அஞ்சு நாள் எல்லாம் இல்லை, நாளைக்குக் காலையிலயே கொண்டுவாங்க, தினமும் பாக்கணும். ஆழம் ஒண்ணும் அதிகமில்லை, பிடிச்சிரலாம்னுதான் நினைக்கேன், ஆனா சொல்லாம விட்டிருந்தீங்கன்னா…" பேனா ஓடுது. நல்லவேளை சொன்னீங்க. ரெண்டே வார்த்தை. இதை நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? மஞ்சத்தண்ணி ஊத்துனவ உண்மையைத்தான் சொன்னா. அவகிட்ட நான் இதைச் சொல்லியிருந்தா, அடுத்த கட்டில்ல இருந்த பூலம்மாவும் கேட்டிருப்பா. கண்ணு ரெண்டும் பொங்கிட்டுது, துடைக்கக் கூச்சமா இருந்துது, துடைக்கலை. அந்தப் பிள்ளை பாக்காத மாதிரி எழுதிக்கிட்டே இருந்தா. பிறகு அலமாரியில இருந்து புதுச் சொட்டை உடைச்சு என்கிட்ட நீட்டுனா. "முதல் சொட்டு நீங்களே ஊத்துங்கம்மா. உங்க கைக்கு நாயி நல்லாப் பழகியிருக்கு." என் கையை நம்பி நீட்டுதா. இந்தக் கையை.

வாங்குனேன். விசிலோட தாடையைப் பிடிச்சேன், இமையை விலக்குனேன், ஆனா ஊத்தலை. முதல்ல பார்த்தேன். பச்சைப் பொட்டு, சுத்தி நீலப் புகை, ஓரத்துல இழுத்துக்கிட்ட அந்த மூணாவது இமை, அதுக்கு நடுவுல கொஞ்சம் தெளிவா மிச்சம் இருக்குத கருவிழி, எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பார்த்தேன், நாலு நாளைக்கு முந்தி பார்த்திருக்க வேண்டியதை. பின்னால போன் அடிக்குது, இவுகதான், எடுக்கலை, எடுத்ததும் இவுககிட்டயும் சொல்லணும், சொல்லுவேன். மேல பாருங்கய்யான்னேன், வார்டு பழக்கத்துல, நாயைப் போய். அவன் மேல பாக்கலை, அந்தக் கண்ணாலயே என்னையப் பார்த்துக்கிட்டு இருந்தான்.